ஒட்டுதலின் இலக்கணம்: சூலகப் புற்றுச் செல் பற்றிக்கொள்ளும் முறை

1. ஒரு சொல்லும் ஒரு வினாவும்

மொழியியல் கற்று, மொழியியலையே கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவன் புற்றுநோய்ச் செல்லைப் பற்றிப் பேச முன்வந்தது ஏன் என்னும் வினா அவையோர்க்கு எழுதல் இயல்பே. நான் மருத்துவன் அல்லன், உயிரியலாளனும் அல்லன். ஆயினும், ஒரு சொல்லை மொழிபெயர்த்ததன் கடன் பல ஆண்டுகளாக என்மீது நிற்கிறது. அதனைத் தீர்க்கும் முயற்சியே இவ்வுரை.

என் தமக்கையார் செராசில், தாமான் கோனாட் பகுதியில் வாழ்ந்தவர். புதன்கிழமைதோறும் அங்குக் கூடும் இரவுச் சந்தையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தே காண்பது அவர் வழக்கம். ஓர் ஆண்டு அவர் அந்நடையைக் குறைத்துக்கொண்டார். "ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு ரொம்பிடுது தம்பி, பாவாடை நாடாவும் பத்த மாட்டேங்குது" என்றார். நான் சிறிதும் தயங்காமல், "வாயுவாக இருக்கும் அக்கா" என்றேன். ஓமத்தண்ணீரும் மருந்தெண்ணெயும் சில மாதங்களைக் கொண்டு சென்றன. பிறகு வயிற்றில் நீர் கோத்தது. தலைநகரின் மருத்துவமனை ஒன்றில் படம் எடுத்துப் பார்த்தபோது, அது சூலகப் புற்றுநோய் என்றும், வயிற்றறை எங்கும் பரவிவிட்டது என்றும் தெரிந்தது.

மருத்துவர் பொறுமை மிக்கவர். மலாய் மொழியில் எளிமையாகவே விளக்கினார். அவர் விளக்கத்தில் திரும்பத் திரும்ப வந்த சொல் 'மெலெகாட்'. நான் அதனை 'ஒட்டிக்கொண்டிருக்கிறது' என்று தமிழாக்கிச் சொன்னேன். சொல்லளவில் அம்மொழிபெயர்ப்பில் பிழையில்லை. தமக்கையார் சற்று நேரம் சிந்தித்துவிட்டு, "ஒட்டினதுதானே தம்பி? அப்ப பிச்சு எடுத்துடலாம்ல?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. அவ்வினாவுக்கு விடை தேடிப் பிற்காலத்தில் நான் படித்தறிந்தவற்றையே இங்கு முறைப்படுத்தித் தருகிறேன். அவர் இன்று இல்லை. ஆயினும் அவருக்குச் சொல்வதாகவே எண்ணிச் சொல்கிறேன்.

2. உறுப்பின் பெயர்

முதற்கண் உறுப்பின் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். கருப்பையின் இரு பக்கங்களிலும் பக்கத்துக்கு ஒன்றாக அமைந்து, கருமுட்டையை உருவாக்கும் சிறிய உறுப்பு ஒன்று உண்டு. தமிழகப் பாடநூல்கள் இதனை 'அண்டகம்' என்கின்றன. இலங்கைத் தமிழர் 'சூலகம்' என்பர். செய்தித்தாள்கள் 'சினைப்பை' என்று எழுதுகின்றன. மலேசியத் தமிழர் பெரும்பாலும் மருத்துவமனையில் கேட்ட 'ஓவரி' என்னும் சொல்லையே வழங்குகின்றனர்.

'சினைப்பை' பொருத்தமற்ற சொல் அன்று. மீன்சினையை அறியாத தமிழ் வீடு இல்லை. ஆனால் காதில் விழும்போது ஓர் இடர்ப்பாடு நேர்கிறது. 'கர்ப்பப்பை' என்று பழகிய செவிக்குச் 'சினைப்பை'யும் அதே 'பை'யாகவே கேட்கிறது. மலாயிலோ 'ராஹிம்' என்றால் கருப்பை. 'பங்கால் ராஹிம்' என்றால் கருப்பை வாய். இவை மூன்றும் வெவ்வேறு உறுப்புகள்; இவற்றில் தோன்றும் புற்றுநோய்களும் வெவ்வேறு. பாப் சோதனை கருப்பை வாய்க்கு உரியது. அது சூலகப் புற்றுநோயைக் கண்டறியும் சோதனை அன்று. 2010 முதல் நம் நாட்டில் 13 அகவைச் சிறுமியருக்குப் பள்ளிகளில் போடப்பட்டுவரும் தடுப்பூசியும் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கே உரியது. 'சோதனை செய்துவிட்டேன், எனக்கு ஒன்றுமில்லை' என்று என் தமக்கையார் நம்பியதும் இம்மயக்கத்தால்தான். ஆகவே 'பை' என்னும் ஈறு இல்லாத 'சூலகம்' என்னும் சொல்லையே இவ்வுரையில் ஆள்கிறேன். சூல் என்பது நம் பழஞ்சொல். அது தங்கும் அகம் சூலகம்.

இந்நோய் அரிய நோயும் அன்று. 2007 முதல் 2011 வரையிலான மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் மார்பகம், பெருங்குடல், கருப்பை வாய் ஆகியவற்றை அடுத்து நான்காம் இடத்தில் சூலகம் நிற்கிறது.

பெயரைப் பற்றிய இன்னொரு வியப்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். சூலகப் புற்றுநோய் எனப்படுவதில் மிகப் பரவலாகக் காணப்படும் தீவிர வகை, பல வேளைகளில் சூலகத்திலேயே தொடங்குவதில்லை. கருமுட்டையை ஏந்திச் செல்லும் ஃபலோப்பியன் குழாயின் விரல்போன்ற நுனியில் தொடங்கி, அங்கிருந்து உதிர்ந்த செல்கள் சூலகத்தின்மேல் படிந்து வளர்கின்றன. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்துக்கு வழிகோலியது. அஃதாவது, நாம் நோய் தொடங்கும் இடம் என்று நினைத்ததே பல வேளைகளில் அது முதன்முதலாக ஒட்டிய இடம். ஒட்டுதல் இந்நோயின் இறுதிக் கட்டத்தில் மட்டும் நிகழ்வதன்று, தொடக்கத்திலேயே நிகழ்வது.

3. செல் நிற்கும் நிலம்

நம் உடலின் செல்கள் செங்கற்களைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக வெறுமனே அடுக்கப்பட்டவை அல்ல. அவற்றைச் சூழ்ந்தும் அவற்றின் கீழும் ஒரு வலைப்பின்னல் உண்டு. செல்கள் தாமே சுரந்து கட்டிய இழைகளாலும் பசைபோன்ற பொருள்களாலும் ஆனது அது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயர் 'மேட்ரிக்ஸ்'. இலத்தீனில் தாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்து, கருவைத் தாங்கும் இடத்தைக் குறித்து, பின் எதையும் தாங்கி உருவாக்கும் தளத்தைக் குறிக்க வந்த சொல் அது. கணிதத்தில் இதே சொல்லை நாம் 'அணி' என்கிறோம். உயிரியலுக்கு அது பொருந்தாது. செல்லைச் சூழ்ந்தும் தாங்கியும் நிற்பதால் இங்கு இதனைச் 'சூழ்தளம்' என்பேன்.

சூழ்தளத்தின் முதன்மையான பொருள் கொலாஜன் என்னும் இழைப்புரதம். தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தருவது அதுவே. மற்றொன்று ஃபைப்ரோநெக்டின். 'இழை' என்றும் 'கட்டு' என்றும் பொருள்படும் இரண்டு இலத்தீன் சொற்களைப் புணர்த்து ஆக்கிய பெயர் இது, 'இழைபிணிப்பி' எனலாம். ஒருபுறம் கொலாஜனையும் மறுபுறம் செல்லையும் பற்றுவதே அதன் தொழில்.

சூழ்தளத்தின் அருமையைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. செராசின் பண்டார் துன் ரசாக்கில் 1997இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் தன் மருத்துவமனையைத் திறந்தது. துவாங்கு முஹ்ரிஸ் பெயரை அது இன்று தாங்கியுள்ளது. புற்றுநோயை மூலக்கூற்று அளவில் ஆராயும் நிலையம் ஒன்றும் 2003 முதல் அவ்வளாகத்தில் இயங்கிவருகிறது. அப்பல்கலைக்கழகத்தின் திசுப்பொறியியல் மையத்தார், நோயாளியின் தோற்செல்களை அவருடைய குருதியிலிருந்தே பெற்ற ஃபைப்ரின் என்னும் இழைப்புரதத்தில் பதித்து, புண்ணை மூடும் புதிய தோலை வளர்க்கும் முறையை உருவாக்கினர். செல்லை மட்டும் தனியே எடுத்துப் புண்ணின்மேல் தூவினால் தோல் ஆகாது. பற்றுவதற்கு ஒரு தளம் வேண்டும். தோலை ஆக்கும் அதே பற்று, புற்றுச் செல்லுக்கும் உதவுகிறது என்பதுதான் இந்நோயின் கொடுமை.

4. மூன்றெழுத்துக் குறி

செல் சூழ்தளத்தை எவ்வாறு பற்றுகிறது? செல்லின் மேலுறையை ஊடுருவி நிற்கும் கொக்கிகள் உண்டு. 1986இல் ஆய்வாளர்கள் இவற்றுக்கு 'இன்டெக்ரின்' என்று பெயரிட்டனர். முழுமை, ஒருமைப்பாடு என்னும் பொருள்கள் தொனிக்கும் பெயர் அது. செல்லின் உள்ளே இருக்கும் சட்டகத்தையும் வெளியே இருக்கும் சூழ்தளத்தையும் ஒன்றாக இணைத்து வைப்பதால் அப்பெயர் பெற்றது. இத்துறைக்கு அடித்தளமிட்ட ரிச்சர்டு ஹைன்ஸ், எர்க்கி ரூஸ்லாத்தி, திமதி ஸ்பிரிங்கர் ஆகிய மூவருக்கும் 2022இல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

ஒவ்வோர் இன்டெக்ரினும் இரு கூறுகள் இணைந்த ஒரு தொகை. முதற்கூறு ஆல்ஃபா, இரண்டாம் கூறு பீட்டா. மனிதரிடம் ஆல்ஃபா வகைகள் 18, பீட்டா வகைகள் 8. எல்லாம் எல்லாவற்றோடும் புணர்வதில்லை. அறியப்பட்ட இணைகள் 24 மட்டுமே. எந்த ஆல்ஃபா எந்தப் பீட்டாவோடு சேர்கிறதோ அதற்கேற்ப அக்கொக்கி பற்றும் பொருள் மாறுகிறது. ஆல்ஃபா-5, பீட்டா-1 இணை ஃபைப்ரோநெக்டினைப் பற்றும். ஆல்ஃபா-2, பீட்டா-1 இணை கொலாஜனைப் பற்றும். சூலகப் புற்றுச் செல்லின் கதையில் இவ்விரண்டுக்கும் பெரும்பங்கு உண்டு.

மொழியியலாளனாகிய என்னை வியக்கவைத்த செய்தி இனிமேல்தான் வருகிறது. புரதங்கள் அமினோ அமிலம் என்னும் அலகுகள் வரிசையாகக் கோக்கப்பட்ட மாலைகள். ஃபைப்ரோநெக்டினின் ஒரு சங்கிலியில் இத்தகைய அலகுகள் 2,000க்கும் மேல். இவ்வளவு நீண்ட மாலையில் கொக்கி எதைத் தேடிப் பற்றுகிறது? 1984இல் மைக்கேல் பியர்ஷ்பாகரும் ரூஸ்லாத்தியும் வெளியிட்ட விடை இது: மூன்றே அலகுகள். ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம் என்னும் மூன்றும் அவ்வரிசையில் நிற்கும் இடமே செல் பற்றும் இடத்தின் உயிர்நாடி. ஆய்வாளர்கள் இதனை 'ஆர்.ஜி.டி.' என்று சுருக்கி வழங்குவர்.

இம்மூன்றில் கடைசி அலகை மட்டும் மாற்றி, அதற்கு மிக நெருங்கிய உறவினதாகிய குளூட்டாமிக் அமிலத்தை வைத்தால் செல் பற்றுவதில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு கரியணுவும் இரு நீரியவணுக்களுமே. நம் மொழியில் 'வலி', 'வளி', 'வழி' என்னும் மூன்று சொற்களை எண்ணிப் பாருங்கள். ஓரொலி மாறப் பொருள் முற்றும் மாறுகிறது. மொழியியலில் இவற்றைக் குறைந்தபட்ச வேற்றுமை இணைகள் என்போம். செல்லும் இத்தகைய நுண்வேற்றுமையை அறிந்தே பற்றுகிறது. 'ஒட்டுதல்' என்றதும் நம் மனத்தில் எழுவது பசை. பசை எதன்மீதும் ஒட்டும். செல்லோ குறியைப் படித்துத் தெரிந்துகொண்டே ஒட்டுகிறது.

அது மட்டுமன்று. கொக்கி பற்றியவுடன் செல்லின் உட்புறத்தில் டாலின் முதலிய புரதங்கள் திரண்டு, அதனை உட்சட்டகத்தோடு பிணைக்கின்றன. 'நிலம் கிடைத்துவிட்டது, வாழலாம், பிரியலாம்' என்னும் பொருளுடைய வேதிச்செய்திகள் செல்லுக்குள் செல்கின்றன. உள்ளிருந்து வெளியேயும் கட்டளை செல்கிறது. கொக்கி எப்போது இறுகப் பற்ற வேண்டும், எப்போது தளர வேண்டும் என்பதைச் செல்லே ஆள்கிறது. என் மொழிபெயர்ப்பு இவ்விடத்தில்தான் குறைபட்டது. 'ஒட்டிக்கொண்டிருக்கிறது' என்று நான் சொன்னபோது, சுவரில் ஒட்டிய தாள் ஒன்றை என் தமக்கையார் மனத்தில் கண்டிருப்பார். உண்மையில் அங்கு நிகழ்வது, நிலத்தோடு இடையறாமல் பேசிக்கொண்டிருக்கும் வேரின் பற்று.

5. வீடிழந்த செல்

இயல்பான செல் தன் தளத்தைவிட்டுப் பிரிந்தால் என்ன ஆகும்? அது தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். 1994இல் ஸ்டீவன் ஃபிரிஷ், ஹண்டர் ஃபிரான்சிஸ் ஆகிய இருவரும் இதனை விளக்கி, 'அனோய்கிஸ்' என்று பெயரிட்டனர். கிரேக்க மொழியில் 'ஓய்கோஸ்' என்றால் வீடு. அனோய்கிஸ் என்பது வீடின்மை. இடம் தவறிய செல் வேறோர் இடத்தில் முளைத்துவிடாதபடி உடல் வைத்திருக்கும் காவல் இது.

சூலகப் புற்றுச் செல் இக்காவலைத் தப்புகிறது. தாய்க்கட்டியிலிருந்து உதிர்ந்த செல்கள் வயிற்றறையின் நீர்மத்தில் தனித்தனியே மிதப்பதோடு, ஒன்றையொன்று பற்றிச் சிறு உருண்டைகளாகவும் திரள்கின்றன. தளம் கிடைக்காத நிலையில் தோழனையே தளமாகக் கொள்கின்றன என்று சொல்லலாம். இவ்வுருண்டையின் உள்ளே இருக்கும் செல்லுக்கு மருந்து எளிதில் எட்டுவதுமில்லை.

பல புற்றுநோய்கள் குருதிக்குழாயில் நுழைந்து நெடுந்தொலைவு சென்று பரவும். சூலகப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் அவ்வழி தேவைப்படுவதில்லை. அதன் பிறப்பிடம் வயிற்றறைக்குள் திறந்த வெளியில் இருக்கிறது. நாம் மூச்சு விடுந்தோறும் வயிற்றறை நீர்மம் இடுப்புக்குழியிலிருந்து மெல்ல மேலேறி, உடலின் வலப்புறமாகச் சென்று உதரவிதானத்தின் அடிப்பகுதியை அடைகிறது. உதிர்ந்த செல்கள் அவ்வோட்டத்திலேயே பயணம் செய்கின்றன. சூலகத்தில் தொடங்கிய நோய் ஈரலின் மேற்புறத்தில் காணப்படுவதற்குக் காரணம் இதுவே.

6. ஒட்டும் இடமும் ஒட்டும் முறையும்

1889இல் ஸ்டீபன் பேஜட் என்னும் இலண்டன் அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தார். நோய் பரவும் உறுப்புகள் தற்செயலாக அமைவதில்லை. விதை எல்லாத் திசையிலும் சிதறினாலும் தனக்கு ஏற்ற நிலத்தில் மட்டுமே முளைக்கும் என்று முடிவு கண்டார். சூலகப் புற்றுச் செல்லுக்கு ஏற்ற நிலங்கள் இரண்டு. ஒன்று, வயிற்றறையின் உட்சுவரையும் குடல் முதலியவற்றையும் போர்த்தியிருக்கும் பெரிடோனியம் என்னும் மெல்லிய உறை. மற்றொன்று, இரைப்பையிலிருந்து குடலின்மேல் முந்தானைபோல் தொங்கும் கொழுப்புத் திரையாகிய ஓமெண்டம்.

இவ்வுறையின் மேற்பரப்பில் மீசோதீலியம் என்னும் ஒற்றை அடுக்குச் செல்கள் வழவழப்பாகப் பரவியிருக்கின்றன. எதுவும் ஒட்டாமல் குடல் வழுக்கிச் செல்வதற்காக அமைந்த அடுக்கு அது. ஒட்டாமைக்கென்றே படைக்கப்பட்ட தரையில் புற்றுச் செல் எப்படி ஒட்டுகிறது? ஆய்வுகள் காட்டும் படிகள் நான்கு.

முதற்படி தொடுதல். புற்றுச் செல்லின் மேல் நீண்ட இழையாக நிற்கும் எம்.யூ.சி.-16 என்னும் புரதம், மீசோதீலியச் செல்லின் மேலுள்ள மீசோதீலின் என்னும் புரதத்தைப் பற்றுகிறது. 2004இல் வெளியான ஆய்வு இதனைக் காட்டியது. இந்த எம்.யூ.சி.-16 நமக்கு அறிமுகமற்றதன்று. சூலகப் புற்றுநோயாளர் ஒவ்வொருவரும் அறிந்த 'சிஏ-125' என்னும் குருதிச் சோதனை, இப்புரதத்திலிருந்து குருதியில் கலந்த பகுதியையே அளக்கிறது. 1981இல் ராபர்ட் பாஸ்டும் அவருடைய குழுவினரும் அதற்கான எதிர்பொருளைக் கண்டறிந்தபோது, அதன் தொழில் என்ன என்பது தெரியாது. எண்ணை மட்டும் நோக்கி நாம் அஞ்சும் அப்பொருள், ஒட்டுதலின் ஒரு கருவி.

இரண்டாம் படி தரையை மாற்றுதல். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹிலரி கென்னி, எர்ன்ஸ்ட் லெங்கியெல் முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, புற்றுச் செல் அருகில் வந்ததும் மீசோதீலியச் செல்களே ஃபைப்ரோநெக்டினைச் சுரக்கத் தொடங்குகின்றன. வந்தவன் சொல் கேட்டு வீட்டாரே கயிறு திரித்துக் கொடுப்பதற்கு ஒப்பானது இது. அந்த ஃபைப்ரோநெக்டினை ஆல்ஃபா-5, பீட்டா-1 கொக்கி இறுகப் பற்றுகிறது.

மூன்றாம் படி விலக்குதல். ஆர்வர்டில் ஜோன் பிரகி குழுவினர் 2011இல் காட்டியபடி, உருண்டையாகத் திரண்ட புற்றுச் செல்கள் தம் உள்ளிழைகளைச் சுருக்கி, தசையைப்போல் விசை செலுத்தி, மீசோதீலியச் செல்களை இருபுறமும் ஒதுக்குகின்றன. வழவழப்பான மேலடுக்கு விலக, கொலாஜன் செறிந்த அடித்தளம் வெளிப்படுகிறது. கொலாஜனைப் பற்றும் கொக்கிகள் அங்கு வேலைக்கு வருகின்றன.

நான்காம் படி வேரூன்றுதல். சூழ்தளத்தை அறுக்கும் நொதிகளைச் சுரந்து செல் உள்ளே இறங்குகிறது. ஓமெண்டத்தில் அதற்கு உணவும் காத்திருக்கிறது. அங்குள்ள கொழுப்புச் செல்கள் தம் சேமிப்பைப் புற்றுச் செல்லுக்கு ஊட்டுகின்றன என்பதையும் லெங்கியெல் குழுவினரே 2011இல் கண்டறிந்தனர்.

இந்நான்கு படிகளும் நிகழும் காலத்தில் நோயாளிக்குப் பெரும்பாலும் கடும் வலி இல்லை. வயிற்றறை இடம் மிகுந்தது. கட்டிகள் முதலில் கடுகளவில் சிதறியிருப்பவை. நீர்மம் பெருகி, குடல் அழுத்தப்பட்ட பின்னரே உடல் பேசத் தொடங்குகிறது. அப்போதும் அது மெல்லிய குரலிலேயே பேசுகிறது: வயிறு உப்புகிறது, சிறிது உண்டாலும் நிறைகிறது, அடிவயிறு வலிக்கிறது, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுகிறது.

7. பிரித்தெடுக்க இயலுமா?

இனி, தமக்கையாரின் வினாவுக்கு வருவோம். ஒட்டியதைப் பிய்த்தெடுக்கலாம் அல்லவா?

ஓரளவு எடுக்கலாம் என்பதே முதல் விடை. இந்நோய்க்கான அறுவை மருத்துவத்தின் நோக்கம், கண்ணுக்குத் தெரியும் கட்டி எதனையும் எஞ்ச விடாமல் அகற்றுவது. சூலகங்கள், கருப்பை, ஓமெண்டம், வேண்டுமாயின் உறையின் பகுதிகள் ஆகியவற்றை எடுக்கின்றனர். எஞ்சியது எவ்வளவு குறைவோ, அவ்வளவு நோயாளியின் வாழ்நாள் நீள வாய்ப்புண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் வேரூன்றிய செல்களைக் கத்தி அறியாது. அவற்றுக்காகவே பிளாட்டினம் சார்ந்த மருந்தும் பாக்லிடாக்செல் என்னும் மருந்தும் தரப்படுகின்றன. இங்கும் ஒட்டுதல் இடையூறு செய்கிறது. தளத்தைப் பற்றிய செல்லுக்குள் செல்லும் 'வாழலாம்' என்னும் செய்தி, மருந்தின் தாக்குதலைத் தாங்கும் வலிமையையும் அதற்குத் தருகிறது.

கொக்கியையே அடைத்துவிட்டால் என்ன? இதனை அறிவியலாளரும் எண்ணாமல் இல்லை. ஆல்ஃபா-5, பீட்டா-1 கொக்கியை அடைக்கும் வோலோசிக்சிமாப் என்னும் எதிர்பொருள், பிளாட்டினத்துக்குக் கட்டுப்படாத சூலகப் புற்றுநோயாளர் சிலருக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. 2011இல் வெளியான முடிவுகள் நம்பிக்கை தருவனவாக இல்லை. இத்தகைய முயற்சிகளில் இடர் இருவகை. ஒரு கொக்கியை அடைத்தால் மற்றொரு கொக்கி அதன் வேலையை ஏற்கக்கூடும். நலமுள்ள செல்களும் அதே கொக்கிகளைக் கொண்டே வாழ்கின்றன. அன்றியும், முன்னரே வேரூன்றிய செல்லுக்கு வாயிற்கதவை அடைப்பதால் பெரும்பயன் இல்லை.

ஆகவே முழுமையான விடை இது: 'எடுக்கலாம் அக்கா, ஆனால் அது ஒட்டிய தாளன்று, வேரூன்றிய பயிர். கண்ணுக்குத் தெரிவதை வெட்டி எடுப்பர். தெரியாததை மருந்தால் தேடுவர். வேர் ஆழமாவதற்கு முன் வந்தால் இரண்டும் எளிது.'

8. பெயரிடும் பொறுப்பு

முன்கூட்டியே அறியச் சோதனை இல்லையா என்று பலரும் கேட்பர். பிரிட்டனில் உஷா மேனன் முதலியோர் 2,00,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டனர். நோய்க்குறி இல்லாத பெண்களுக்கு ஆண்டுதோறும் சிஏ-125 சோதனையோ ஒலியலைப் படமோ எடுத்ததால் இந்நோயால் நேரும் இறப்புகள் குறையவில்லை. மாதவிடாய் முதலான வேறு காரணங்களாலும் அவ்வெண் உயரும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எனவே நலமாக இருப்போர் எல்லாரும் அச்சோதனைக்கு ஓட வேண்டுவதில்லை.

நாம் செய்யக்கூடியவை வேறு இரண்டு. தாய்வழியிலோ தந்தைவழியிலோ மார்பக அல்லது சூலகப் புற்றுநோய் வந்திருப்பின் அதனை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லலாம். பிஆர்சிஏ என்னும் மரபணுக்களில் பிறழ்வு உண்டா என்று சோதிக்க வழியுண்டு. இரண்டாவது, உடலின் மெல்லிய குரலுக்குச் செவி கொடுக்கலாம். மேற்கூறிய நான்கு குறிகளுள் ஏதேனும் ஒன்று புதிதாகத் தோன்றி, விடாது தொடர்ந்து, மாதத்தில் 12 முறைக்கு மேல் வருமாயின், அதிலும் 50 அகவை கடந்த பெண்ணுக்கு வருமாயின், சோதிக்க வேண்டும் என்பது பிரிட்டன் மருத்துவ வழிகாட்டியின் அறிவுரை. பெரும்பாலோர்க்கு அது வேறு எளிய காரணமாகவே முடியும். ஆயினும் அம்முடிவைச் சோதனை சொல்ல வேண்டும். நாம் சொல்லக் கூடாது.

என் பிழை அங்கேதான் நேர்ந்தது. தமக்கையார் தம் உடலில் கண்டதைத் துல்லியமாகச் சொன்னார். உண்டால் நிறைகிறது என்றார். நாடா பற்றவில்லை என்றார். மருத்துவ நூலில் எழுதியிருப்பதும் அதுவே. அவர் சொல்லியவற்றை அப்படியே மருத்துவரிடம் கொண்டு சென்றிருக்க வேண்டிய நான், 'வாயு' என்னும் ஒரு சொல்லால் மூடிவிட்டேன். சொல்லாராய்ச்சியில் முனைவர் பட்டம் பெற்றவன் செய்த செயல் அது.

இம்மன்றத்தார்க்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. நம் நாட்டுத் தமிழ்ப் பள்ளிகளிலும் நாளேடுகளிலும் வானொலியிலும் கருப்பை, கருப்பை வாய், சூலகம் என்னும் மூன்று சொற்களும் மயங்காமல் வழங்க வழி செய்யுங்கள். செராசிலோ கிள்ளானிலோ ஒரு தாய் மருத்துவர்முன் அமரும்போது, எந்த உறுப்பைப் பற்றிப் பேசுகின்றனர் என்பதை அவர் தம் மொழியிலேயே அறிய வேண்டும். அவருக்கு மொழிபெயர்க்க வரும் தம்பியரும் மகளிரும் என்னைவிட நன்றாக ஆயத்தமாகி வரட்டும்.